எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நெல்லைக்காரர்களின் விமானக் கேள்விகள்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, மகள் பிரசவத்துக்கு சான் பிரான்சிஸ்கோ போகணும். திருவனந்தபுரத்தில் ஏறி துபாய் வழியாகப் போனால் எவ்வளவு நேரம் ஆகும்?

திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,950 கி.மீ., நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. துபாய் – சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,000 கி.மீ., பதினாறு மணி நேரம். ஆக பறக்கும் நேரம் மட்டும் இருபது. ஆனால் வீட்டுக் கணக்கு வேற: நாகர்கோவில் வழியாகக் காரில் மூன்றரை மணி நேரம், மூணு மணி நேரம் முன்னாடியே போய் நிற்கணும், துபாயில் காத்திருப்பு, அமெரிக்காவில் இறங்கினதும் குடியேற்ற வரிசை, எல்லாம் சேர்த்தால் முப்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். துபாயில் மூணு மணி நேரமாவது இடைவெளி இருக்கிற டிக்கெட்டாகப் பாருங்க. முழங்கால் வலி இருந்தால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுடுங்க, வெட்கப்பட வேண்டாம்.

தென்காசியிலிருந்து: அமெரிக்கா போகிற விமானம் ஏன் வட துருவத்துப் பக்கம் போகிறது? சுற்றுவழி இல்லையா?

அதுதான் குறுக்குவழி. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்து வரைந்த படத்தைப் பார்ப்பதால் சுற்றுவழி மாதிரித் தெரியுது. பிள்ளைகளின் உலக உருண்டையில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்க, அது தானாகவே வடக்கே ஏறும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு எங்கும் நிற்காமல், துருவத்தின் மேலேயே ஓட்டி வந்தார்கள். ஏறத்தாழ 14,000 கி.மீ.

அம்பாசமுத்திரத்திலிருந்து: தூரம் ஒன்றுதானே, போகும்போதும் வரும்போதும் நேரம் ஏன் மாறுது?

காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று ஓடுது, சில நாள் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கி.மீ.; கிழக்கே போகும்போது பதினைந்து, பதினைந்தரை மணி நேரம், திரும்பும்போது பதினேழு வரை இழுக்கும். ஆடி மாசம் முப்பந்தல் காற்றாலைப் பக்கம் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வள்ளியூரிலிருந்து: சிங்கப்பூரில் காலை ஒன்பதுக்கு ஏறி, அதே நாள் காலை எட்டரைக்கு அமெரிக்காவில் இறங்கினதாகத் தம்பி சொல்கிறான். கதை விடுகிறானா?

இல்லை, நிஜம்தான். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவை விட சிங்கப்பூர் பதினாறு மணி நேரம் முன்னால் இருக்கு, நடுவில் தேதி ஒரு நாள் பின்னுக்குப் போகிற சர்வதேசத் தேதிக் கோட்டையும் தாண்டுகிறான். வரும்போது அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆகணும்.

கடையநல்லூரிலிருந்து: டிக்கெட்டில் திருவனந்தபுரம் 4.00, துபாய் 6.45 என்று இருக்கு. அப்போ இரண்டே முக்கால் மணி நேரம்தானா?

டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அதையும் கூட்டினால் நாலேகால்.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து: பக்கத்தில் வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையம் இருக்கும்போது திருவனந்தபுரம் எதுக்கு?

வாகைக்குளத்தில் உள்நாட்டு விமானம்தான். சென்னையோ பெங்களூரோ போய் மாறலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் வரணும். தனித்தனியாகப் போட்டு, முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், அந்தக் காசு பெரும்பாலும் போனதுதான்.