கல்யாணத்துக்கு முன் பல்லைத் தேய்த்துச் சீராக்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: “எனக்கு 24 வயது. நீடாமங்கலம் பக்கம் கிராமம். தை மாதம் கல்யாணம். மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனி சின்னதாக உடைந்து சொரசொரவென்று இருக்கிறது. களத்தில் நெல் காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. குறுவை அறுவடையில் அப்படித்தான் உடைந்தது. அதோடு இடப்பக்கக் கோரைப்பல் வலப்பக்கத்தைவிட நீளமாகவும் கூராகவும் இருக்கிறது. போட்டோவில் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. சித்தி மகள் நகம் ராவும் அரத்தால் தன் பல்லைத் தானே ராவிக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை என்கிறாள். அம்மா, பல்லில் கையே வைக்காதே என்கிறார். செய்யலாமா டாக்டர்? வலிக்குமா? எத்தனை நாள் முன்னால் செய்ய வேண்டும்?”

உடைந்த முன்பல்லைத் தாராளமாகச் சரிசெய்துகொள்ளுங்கள். கோரைப்பல்லை மட்டும், ஒரு பல் மருத்துவர் நேரில் பார்த்துக் காரணம் சொல்லும் வரை யாரும் தொட வேண்டாம். நகம் ராவும் அரம் எந்தப் பல்லுக்கும் வேண்டாம். இந்த மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பல்லின் வெளி ஓடான எனாமல் போனால் போனதுதான்.

நகத்தையும் முடியையும் வெட்டினால் திரும்ப வளரும். எனாமலை உருவாக்கிய செல்களோ, பல் ஈறைத் தாண்டி வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன. அதன் பிறகு அதைப் புதிதாகச் செய்துகொடுக்க உடம்பில் ஆள் இல்லை. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. எடையில் சுமார் 96 சதவீதம் தாதுதான். எச்சிலும் ஃப்ளோரைடும் மேற்பரப்பு இழந்த தாதுவைக் கொஞ்சம் ஏற்றிக் கெட்டிப்படுத்துமே தவிர, தேய்த்தெடுத்த கனத்தைத் திருப்பித் தராது. முன்பல்லின் கடிக்கும் நுனியில் எனாமல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும். ஈறை நோக்கிப் போகப் போக மெலிந்து, அடியில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் முடியும். அதற்குக் கீழே இருக்கும் டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நரம்பு இருக்கும் பல்கூழை நோக்கிப் போகின்றன. அந்தக் குழாய்கள் திறந்துவிட்டால் ஐஸ் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் ‘சுரீர்’ என்று உள்ளே இறங்கும். அழகுக்காகப் பல்லைத் தேய்க்கும் மருத்துவர் எனாமலுக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். நுனியில் அரை மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர். அதற்கு மேல் தேவைப்படும் குறையைச் சரிசெய்ய இது வழியே அல்ல.

முன்பல்லுக்கு வருகிறேன். உங்கள் விவரிப்பிலிருந்து பார்த்தால் உடைசல் எனாமலோடு நின்றிருக்கிறது. பல் கூசுவதாக நீங்கள் எழுதவில்லை. இப்படிப்பட்ட உடைசலில் கூரான விளிம்பை மெல்ல உருட்டி, பக்கத்துப் பல்லின் நுனியோடு ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். உதட்டையும் நாக்கையும் கீறுவது நிற்கும். உடைசல் அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், பக்கத்துப் பல்லையும் சேர்த்துக் குட்டையாக்கிச் சமன்செய்வது தவறு. விளிம்பை லேசாக வழவழப்பாக்கி, மீதியைப் பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் வைத்து நிரப்பி, நீல வெளிச்சம் காட்டி இறுகச் செய்வோம். பல்லைக் குறைப்பதைவிடக் கூட்டுவதே பெரும்பாலும் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கூட்டியது பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், குறைத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை. காம்போசிட்டுக்கும் ஆயுள் உண்டு. சில வருடங்களில் நிறம் மங்கும், விளிம்பு பிசிறும், மெருகேற்றவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.

கோரைப்பல்தான் யோசிக்க வேண்டிய விஷயம். வாயிலேயே நீளமான வேர் அதற்குத்தான். வாயை மூடிக் கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். மேல், கீழ்க் கோரைப்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்க, கடைவாய்ப் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது தெரியும். அரைக்கும்போது கடைவாய்ப் பற்களின் மேல் பக்கவாட்டு உரசல் விழாமல் காப்பது அந்தக் கூர்தான். அதை மழுங்கடித்தால் அந்த உரசல் பின்பற்களுக்குப் போகும். கூச்சம், ஃபில்லிங் உடைவது, தாடை அசதி என்று பிறகு ஒவ்வொன்றாக வரலாம். கல்யாணப் போட்டோவில் அரை மில்லிமீட்டர் அழகுக்காக இதை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு கோரைப்பல் நீளமாகத் தெரிகிறதென்றால், அது வளர்ந்ததாக இருக்காது. எதிர்ப்பக்கத்துப் பல் தேய்ந்து குட்டையாகியிருக்கலாம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். காலையில் எழும்போது கன்னத்துத் தசை வலிக்கிறதா, பக்கத்தில் படுக்கிறவர்கள் ‘நறநற’ச் சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படியானால் ராவ வேண்டியது இடப்பக்கம் அல்ல, நிரப்ப வேண்டியது வலப்பக்கம். இரவில் போட்டுக்கொள்ளும் கவசமும் தேவைப்படும். சிலருக்குப் பல் சரியாக இருக்கும், ஈறு ஒருபக்கம் மேலேறியிருக்கும். சிலருக்குப் பல் வெளிப்பக்கமாகத் திரும்பியிருப்பதால் கூராகத் தெரியும். அதற்குக் கம்பியோ, அலைனர் எனும் கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறையோதான் தீர்வு, தை மாதத்துக்குள் முடிகிற காரியமல்ல. எல்லாம் சரியாக இருந்து, நுனி மட்டும் ஊசியாக இருந்தால், கடிக்குத் தொந்தரவு இல்லாத பக்கத்தில் ஒரு துளி மழுக்குவதில் ஆபத்தில்லை.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பல்லைப் பஞ்சால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, எடுக்க நினைக்கும் நுனியில் மட்டும் கறுப்புப் புருவப் பென்சிலால் தீட்டுங்கள். ஒரு கை தூரத்தில் கண்ணாடி வைத்துச் சிரித்துப் பாருங்கள். வாயின் இருட்டோடு கறுப்புக் கலந்து, அந்த நுனி இல்லாதது போலவே தெரியும். அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்று பலர் இந்தக் கட்டத்திலேயே ஆசையை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஈரப் பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். மருத்துவரும் தேய்க்கும் முன் இதே போலக் குறியிட்டுக் காட்டுவார். காட்டாவிட்டால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்? முதலில் சொத்தை, ஈறு நோய், ஆடும் பல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் பல்கூழ் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரியும். இளவயதில் அது பெரிதாக, நுனிக்குக் கிட்டத்தில் இருக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் தயங்குவது அதனால்தான். மெல்லிய வைரத்தூள் பூசிய, பர் எனும் சுழலும் முனையால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். இடைவெளிகளுக்கு மெல்லிய உரசுப்பட்டை, கடைசியில் மெருகேற்றும் வில்லை. நடுநடுவே நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, எந்த இடம் முதலில் முட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஒன்றிரண்டு பல்லென்றால் அரை மணி நேரத்துக்குள் முடியும். ஊசி தேவையில்லை, போடாமல் இருப்பதே பாதுகாப்பும் கூட. எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. கூச ஆரம்பித்தால் எல்லையை நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். நீங்கள் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், அவர் நிறுத்த வேண்டும். அழகுக்குத் தேய்க்க மரத்துப்போகும் ஊசி போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு எடுக்கப் போகிறார் என்று கேளுங்கள்.

சித்தி மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிட முடியாது. நக அரத்தில் ஆழம் தெரியாது. உலர்ந்த உரசலில் சூடு கிளம்பும். சொரசொரத்த தடங்கள் விழுந்து கறையும் படலமும் பிடிக்கும். தொடர்ந்து உலுக்கும்போது நுண்விரிசல் விழலாம். கை நகத்தில் பட்ட அரம் வாய்க்குள் போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. அவரையும் ஒருமுறை பல்லைக் காட்டச் சொல்லுங்கள். மேக்கப்போடு சேர்த்துப் ‘பல் ஷேப்பிங்’ செய்து தருவதாகப் பார்லரில் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல் சிகிச்சைக்குப் பதிவு பெற்ற பல் மருத்துவர் வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. பாலித் தீவு இந்துக்கள், வயதுக்கு வந்த பிள்ளைகளின் மேல்வரிசை முன்பற்கள் ஆறை ராவும் சடங்கை இன்றும் செய்கிறார்கள். காமம், குரோதம் முதலான ஆறு உட்பகைகளை அடக்குவதற்காக என்பது அவர்கள் நம்பிக்கை. ரீல்ஸில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பல்லை ராவுவது ஆபத்தே இல்லாத விஷயம் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அது அவர்களின் சமயச் சடங்கு. நம் பல்லில் எனாமல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு அது பதிலாகாது.

நெஞ்செரிச்சலோடு அமிலம் மேலேறி வருகிறவர்கள், ஏற்கெனவே பல் கூசுகிறவர்கள், இரவில் பல் கடிப்பவர்கள், ஈறில் ரத்தம் வருகிறவர்கள் இதைத் தள்ளிப்போட்டு முதலில் அந்தக் குறையைக் கவனிக்க வேண்டும். கர்ப்பகால வாந்தி இருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம்.

இனி நாள் கணக்கு. தையில் முகூர்த்தம் என்றால் கார்த்திகைக்குள் வேலையை முடித்துவிடுங்கள். தேய்த்த பல் சில நாட்கள் கூசலாம், சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். கடி சரியாக இல்லாவிட்டால் திரும்பப் போய்ச் சரிசெய்ய மார்கழி கையில் இருக்கும். பல்லை வெளுக்கும் எண்ணமும் இருந்தால் அதை முதலில் செய்து, இரண்டு வாரம் விட்டுக் காம்போசிட் வையுங்கள். காம்போசிட் வெளுக்காது, வெளுத்தவுடனே வைத்தால் சரியாக ஒட்டவும் ஒட்டாது. முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் எதையும் புதிதாக ஆரம்பிக்காதீர்கள்.

தேய்த்த பிறகு முதல் சில நாட்கள் எலுமிச்சைச் சாறு, குளிர்பானம், மாங்காய், புளி தூக்கலான குழம்பு குறையட்டும். வாயில் அமிலம் கூடக் கூடப் பிஎச் என்ற அளவு குறையும்; அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதனால் புளிப்புச் சாப்பிட்டதும் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பிரஷ் செய்யுங்கள். மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். கூச்சம் இருந்தால் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை இரவில் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் படுங்கள். அது முழுப் பலன் தர இரண்டு வாரமாவது ஆகும். செங்கல்தூள், கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பல்பொடி எதுவும் பல்லில் படக் கூடாது. சூடான டிகிரி காபியைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள்.

பொங்கல் கரும்பு உங்களுக்குச் சரியாகக் கல்யாண நேரத்தில் வருகிறது. காம்போசிட் வைத்த முன்பல்லால் கரும்பைக் கடித்து உரித்தால் அன்றைக்கே தெறித்துவிடும். தோல் சீவித் துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லுங்கள். சீர்வரிசைச் சீடை, கடலை உருண்டைக்கும் அதே முறைதான். பூத்தொடுக்கும் நாரைப் பல்லால் அறுப்பது, சோடா மூடி திறப்பது, எல்லாம் இத்தோடு நிற்கட்டும். நலங்கில் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் சீவலோடு தினமும் மென்றால் காம்போசிட் விளிம்பில் சிவப்பேறும். நெல் கடிக்கும் பழக்கத்தையும் விடச் சொல்வேன். மணலில் இருக்கிற சிலிக்கா உமியிலும் இருக்கிறது. வருஷக்கணக்கில் அது விளிம்பை உரசித் தேய்க்கும். நகத்தால் உரித்து அரிசியைக் கிள்ளிப் பாருங்கள். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை தேய்ப்பது மட்டுமானால் அதிகம் ஆகாது. காம்போசிட், கவசம் என்று சேரும்போதுதான் கூடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரில் கட்டுப்படாதவர்களுக்குச் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் அம்மாவையும் உடன் அழைத்துப் போய் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள், அவர் பயம் நியாயமானது.

சிகிச்சைக்குப் பிறகு சூடாக ஏதாவது குடித்ததும் வரும் வலி அரை நிமிஷத்துக்கு மேல் நீடித்தால், ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் குத்துவலி வந்தால், பல் சாம்பல் நிறத்துக்கு மாறினால், ஈறில் கொப்புளம் கிளம்பினால், அது சாதாரணக் கூச்சம் அல்ல. கல்யாணம் முடியட்டும் என்று வலி மாத்திரையில் தள்ளாமல் மறுநாளே மருத்துவரிடம் போய்விடுங்கள்.