மெதுவாகப் போகும் வண்டி

அன்புள்ள ஐயா,

ராயபுரத்தில் பிறந்து, வேலைக்காகக் கலிபோர்னியா போய், ஓய்வு பெற்றபின் மறுபடி ராயபுரத்துக்கே வந்து சேர்ந்தவன் நான். 1993-இல் அப்பா அம்மாவை அங்கே வரவழைத்து, அனாஹைமில் உள்ள டிஸ்னிலாண்டுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு மூட்டுவலி. எதிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ‘டுமாரோலாண்ட்’ (நாளைய உலகம்) பகுதியில் தலைக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்த ‘பீப்பிள்மூவர்’ வண்டியில் மட்டும் ஏறினார். இறங்கியதும், “இன்னொரு தடவை போகலாமா?” என்றார். அம்மா இப்போது இல்லை.

அண்மையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேத்தியோடு மறுபடி அங்கே சென்றேன். அந்த வண்டி இல்லை. அது ஓடிய தடம் மட்டும் வெறுமனே நிற்கிறது. கடற்கொள்ளையர் சவாரியில் ஏலக் காட்சியை மாற்றிவிட்டார்கள். மரக்கட்டைப் படகில் அருவியிலிருந்து விழும் சவாரிக்கும் வேறு கதை போட்டுவிட்டார்கள். உள்ளதை உள்ளபடி விட்டால் என்ன? “வயதானால் அப்படித்தான் தோன்றும் அப்பா” என்கிறாள் மகள். அடுத்த கோடையில் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவுக்குக் கூப்பிடுகிறாள். எனக்குப் போக மனமில்லை.

ச., ராயபுரம்

*

அன்புள்ள ச.,

இது வயதின் கோளாறு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று வருத்தங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் நான் உங்கள் பக்கம்.

மற்ற இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். கடற்கொள்ளையர் சவாரி 1967-இல் தொடங்கியது. அந்த ஏலக் காட்சியில் பெண்களைக் கயிற்றால் கட்டி வரிசையாக நிறுத்தி விலை கூவினார்கள். படகில் போன குடும்பங்கள் சிரித்தன. அன்று யாருக்கும் உறுத்தவில்லை. 2018-இல் அதை மாற்றினார்கள். ஏலத்துக்கு நின்ற அந்தச் செம்பட்டை முடிக்காரி இப்போது தானே ஒரு கொள்ளைக்காரியாக நிற்கிறாள். படகு அதேதான், இருட்டும் அதேதான், தண்ணீரின் வாடைகூட மாறவில்லை. பழைய காட்சியே இருந்திருந்தால், அந்த அக்காக்களை ஏன் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பேத்தி கேட்டிருப்பாள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மரக்கட்டைப் படகுச் சவாரியும் அப்படித்தான். 1989-இல் வந்த அந்தச் சவாரி, 1946-இல் வெளியான ஒரு படத்தின் பாத்திரங்களை வைத்துக் கட்டியது. அமெரிக்கத் தெற்கின் தோட்டங்களில் கறுப்பின மக்கள் பட்ட பாட்டை இனிப்புப் பூசிக் காட்டிய படம் அது. அதை வீட்டில் பார்க்கும் ஒளிநாடாவாக அமெரிக்காவில் வெளியிட அந்த நிறுவனமே துணியவில்லை. 2023-இல் சவாரியை மூடி, மறு ஆண்டு ஒரு கறுப்பின இளவரசியின் கதையாகத் திறந்தார்கள். வயிற்றைக் கலக்கும் அந்த இறக்கத்தில் அவர்கள் கைவைக்கவில்லை. இவை இரண்டும் செய்ய வேண்டிய திருத்தங்கள். இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும்.

பீப்பிள்மூவர் விஷயம் வேறு. அதைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைப் படித்தபோது எனக்கும் கோபம் வந்தது.

இந்தப் பூங்கா எப்படிப் பிறந்தது என்று வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்குத் தம் இரண்டு மகள்களையும் அழைத்துப் போவாராம். பிள்ளைகள் குடை ராட்டினத்தில் சுற்றுவார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாம். 1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலாண்டின் வேர் அந்த பெஞ்ச். பெரியவரை அதிலிருந்து எழுப்பி, குழந்தையோடு ஒரே இருக்கையில் உட்கார வைப்பதற்காகத்தான் இத்தனையும் கட்டினார்கள்.

1967-இல் ஓடத் தொடங்கிய பீப்பிள்மூவர் அதைச் செய்தது. பெட்டியில் எஞ்சின் கிடையாது. தடத்தில் வரிசையாகப் பதித்த சக்கரங்கள் சுழன்று பெட்டிகளைத் தள்ளிவிடும். ஏறும் மேடையும் வண்டியோடு சேர்ந்து சுழலும் என்பதால் வண்டி நிற்காமலேயே ஏறலாம், இறங்கலாம். கால் மணி நேரம் போல மேலேயே ஊர்ந்து, பக்கத்துக் கட்டடங்களுக்குள்ளும் புகுந்து வெளியே வரும். மூட்டுவலிக்காரரும் ஏறலாம், மடியில் குழந்தையும் இருக்கலாம். தலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் போன ‘ஸ்கைவே’ பெட்டிகளும் அப்படித்தான். 1994-இல் ஸ்கைவே நின்றது. மறு ஆண்டு பீப்பிள்மூவரும் நின்றது.

அதே தடத்தில் 1998-இல் ‘ராக்கெட் ராட்ஸ்’ என்ற வேக வண்டியை விட்டார்கள். மெதுவாகப் போவதற்காகப் போட்ட தடம் அது. வளைவுகளில் சாய்வு கிடையாது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, நேரான இடத்தில் மறுபடி பாய வேண்டியிருந்தது. டயர்கள் தேய்ந்தன, வண்டி அடிக்கடி பழுதானது. 2000-இல் அதையும் மூடினார்கள். நீங்கள் பார்த்த வெறும் தடம் அன்றிலிருந்து சும்மா நிற்கிறது.

‘நாளைய உலகம்’ என்று பெயர் வைத்த பகுதி பழசாகிக்கொண்டேதான் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1957-இல் அங்கே பிளாஸ்டிக்கால் ஒரு ‘எதிர்கால வீடு’ கட்டினார்கள். பத்து ஆண்டில் அது நேற்றைய வீடாகிவிட்டது, 1967-இல் இடித்தார்கள். அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் உங்கள் அம்மா அந்த வண்டியில் ஏறியது எதிர்காலத்தைப் பார்க்கவா? உட்கார்ந்தபடி, வலி இல்லாமல், மகனோடு ஊரைப் பார்க்கத்தானே. அது எந்த ஆண்டிலும் பழசாகாத வசதி.

நம் தீவுத்திடல் பொருட்காட்சியில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பெரம்பூரிலிருந்து நாங்கள் வீட்டோடு போவோம். ‘கொலம்பஸ்’ கப்பலுக்கும் ‘பிரேக் டான்ஸ்’ சவாரிக்கும் வெளியே கம்பித் தடுப்பு இருக்கும். பிள்ளைகள் கழற்றிக் கொடுத்த செருப்புகளையும் பைகளையும் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் அங்கே நிற்பார்கள். பாதி தின்ற டெல்லி அப்பளமும் அவர்கள் கையில்தான். ஜெயன்ட் வீலில் மட்டும் பாட்டி, மருமகள், கைக்குழந்தை மூவரும் ஒரே பெட்டியில். ஏற்றிவிடும் தொழிலாளி எதிரெதிர்ப் பெட்டிகளாகப் பார்த்து எடையைச் சமன் செய்து ஆளை ஏற்றுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் இரும்புக் கொண்டியைப் போட்டு, ஒரு முறை இழுத்தும் பார்ப்பார். மேலே போனதும் சென்ட்ரல் கோபுரத்தையும் துறைமுகத்து விளக்குகளையும் காட்டி, தாத்தா இங்கேதான் வேலை செய்தார் என்று பாட்டி சொல்வார். எனக்குத் தெரிந்து, அந்தப் பேச்சுக்கு இடம் தரும் சவாரி அது ஒன்றுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இது இன்னும் உறைக்கும். பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் எல்லாம் நகரத்தின் மறுமுனையிலோ அதையும் தாண்டியோ இருக்கின்றன. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் போய்வர ஒரு நாள் முழுதும் வேண்டும். பாட்டிக்கும் டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப்போய், பைக்குக் காவல் வைத்துவிட்டு வருகிறோம்.

டிஸ்னிலாண்டில் 1982 வரை நுழைவுக் கட்டணம் போக, சவாரிகளுக்குத் தனித்தனிச் சீட்டு இருந்தது. ஏறாத சவாரிக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரே கட்டணம் என்று ஆக்கிய பிறகு, நாற்பது அங்குல உயரக்கோலுக்கு எட்டாத குழந்தைக்கும், அதிர்ச்சி தாங்காத பாட்டிக்கும் சேர்ந்து ஏற ஏதாவது தரும் கடமை பூங்காவுக்கு இருக்கிறது. இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டுதான் நான் எல்லா மாற்றத்தையும் பார்க்கிறேன். வர்ணம் மாறட்டும், கதை மாறட்டும். சேர்ந்து ஏறும் சவாரியை எடுத்தால், அதே மாதிரி இன்னொன்று வைக்க வேண்டும். அனாஹைமில் பூங்காவைச் சுற்றி வரும் ரயிலும், 1966-இல் வந்த பொம்மைப் படகுச் சவாரியும், குடை ராட்டினமும் இன்னும் இருக்கின்றன; அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஃபுளோரிடாவிலோ, 2025 ஜூலையில் நீராவிக் கப்பல் ஓடிய ஆற்றையே மூடிவிட்டார்கள். அங்கே ‘கார்ஸ்’ என்ற கார்ட்டூன் படத்தை ஒட்டிய சவாரிகள் வரப்போகின்றன. பாட்டிமார் எதில் ஏறுவார்கள் என்று அவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் நீங்கள் போக வேண்டும். ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டமில் பீப்பிள்மூவர் 1975-இலிருந்து ஓடுகிறது. அங்கே காந்த விசையால் நகர்கிறது. உயரக் கட்டுப்பாடு கிடையாது. படியேற வேண்டாம், நகரும் சாய்தளமே மேலே கொண்டுபோய் விடும். மேடை சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கால் வையுங்கள். நடுவில் ஓர் இருட்டுக் கட்டடத்துக்குள் போகும். அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளியே வரும்போது முகப்பில் ‘சிட்டி ஹால்’ என்ற கட்டடம் இருக்கும். பார்வையாளர் சொல்வதைக் கேட்க அங்கே ஆட்கள் உண்டு. அனாஹைமில் சும்மா நிற்கும் தடத்தைப் பற்றி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏலக் காட்சியைத் திரும்பக் கேட்காதீர்கள்.

அன்புடன்.