பள்ளியை விட்டு நழுவும் பிள்ளைகள்: பள்ளி சமூகப் பணியாளர் பதில்கள்

வருகைக் குறைவு, இடைநிற்றல், வீட்டுச் சிக்கல் பற்றிக் கேளுங்கள். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து சொல்வதும் டாக்டர் வேலை. அதை என்னிடம் கேட்காதீர்கள்.

வகுப்பாசிரியர்: யார் படிப்பை நிறுத்துவார் என்று முன்பே தெரியுமா?

ஓரளவு தெரியும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பால்ஃபான்ஸ் குழு ஃபிலடெல்ஃபியா மாணவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2007-ல் எழுதியது. ஆறாம் வகுப்பில் வருகை 80 சதவீதம் அல்லது அதற்குக் கீழ், கணக்கிலோ ஆங்கிலத்திலோ பெயில், நடத்தையில் மோசமான குறிப்பு: பின்னால் பள்ளியை முடிக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இவற்றில் ஒன்றாவது அப்போதே இருந்தது.

80 வரை இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 180 வேலை நாளில் 18 நாள், அதாவது 10 சதவீதம் வராமல் போனாலே விசாரியுங்கள். காய்ச்சல் லீவும் கணக்கில் சேரும். மாதத்துக்கு இரண்டு நாள்தானே என்பதால் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

எண்ணிக்கையோடு கிழமையையும் பாருங்கள். திங்கள்தோறும் வராத பிள்ளையும் கணக்குத் தேர்வன்று மட்டும் வராத பிள்ளையும் ஒன்றல்ல. அதே நாளில் தம்பியும் லீவா? அப்படியானால் திட்டு வாங்க வேண்டியது பிள்ளை இல்லை. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போனது என்று கேட்க வேண்டும்.

ஒரு அப்பா: பையன் எந்நேரமும் ஃபோனில்தான். என்ன செய்ய?

ஸ்கூலுக்கு ஒழுங்காகப் போகிறானா? போகிறான் என்றால் இது என் துறை இல்லை.

ஒரு அம்மா: ஸ்கூலிலிருந்து ஃபோன் வந்தாலே கை நடுங்குது. புகார் சொல்லத்தான் கூப்பிடுறாங்க.

தப்பு உங்கள் மேல் இல்லைம்மா. முதல் ஃபோனே புகாராக இருந்தால் எந்த வீடும் கதவைச் சாத்திக்கொள்ளும். "என் பிள்ளை விஷயமாக நான் யாரிடம் பேசணும்? ஒரே ஒருத்தர் பெயர் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆளுக்கொரு பக்கம் அலைக்கழிக்க விடாதீர்கள்.

பள்ளி நிர்வாகி: இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே தனி வகுப்பில் போட்டு, ஒருநாள் ஜெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் திருந்த மாட்டார்களா?

இரண்டும் வேண்டாம் சார். ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டம் 1970-களில் அமெரிக்காவின் ராவே சிறையில் பிரபலமானது. பிறகு வந்த ஆய்வுகளில், போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகம் குற்றத்தில் சிக்கினார்கள்.

அதே நிர்வாகி: அது அமெரிக்கா. தனி வகுப்பில் என்ன கெடுதல்? அக்கறையாகத்தானே செய்கிறோம்!

அக்கறை போதாது. இதுவும் அமெரிக்காவில்தான், ஆனால் அக்கறையோடு செய்தது: கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வில் 1939 முதல் சுமார் 250 சிறுவர்களுக்கு வீடு தேடிப்போய் உதவினார்கள். டியூஷன், மருத்துவம், முகாம் எல்லாம் உண்டு. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது வருடம் கழித்துத் தேடிப் பார்த்து 1978-ல் வெளியிட்டார்: ஒப்பிடுவதற்காக ஜோடி சேர்த்த, உதவி பெறாத சிறுவர்களைவிடப் பல விஷயங்களில் இவர்கள் நிலைதான் மோசம். அந்தக் கெடுதலும் பெரும்பாலும் கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம்தான் என்று 1999-ல் டிஷியன் என்ற உளவியலாளரோடு சேர்ந்து எழுதினார். சேட்டைக்குச் சிரிக்கும் கூட்டம் பக்கத்திலேயே இருந்தால் சேட்டை வளரும். உங்கள் தனி வகுப்பும் அந்தக் கூட்டம்தான்.

இன்னொருவர்: அப்போ குழுவே கூடாதா? நாங்கள் நடத்துகிறோம், நன்றாகத்தான் போகிறது.

நான் அப்படிச் சொல்லவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் கலந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும், என்ன செய்வது என்று திட்டம் இருக்கட்டும். சும்மா உட்காரவைக்கும் குழுவைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஒரு அம்மா: மகள் ஃபோனை விடவே மாட்டேங்கிறா...

மேலே ஒரு அப்பாவுக்குச் சொன்னதே.

ஆசிரியை: குழு இல்லாமல் வேறு எப்படி?

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-ல் தொடங்கிய 'செக் அண்ட் கனெக்ட்' முறையில், அந்தப் பெரியவர் வருகையையும் மதிப்பெண்ணையும் விடாமல் பார்ப்பார், வீட்டோடும் பேசுவார். குறைந்தது இரண்டு வருடம் கூட இருப்பதாக ஒப்புக்கொண்டுதான் வருவார். அடுத்த வருடம் மாற்றலாகிப் போகிறவரை இதற்குப் போடாதீர்கள்.

நிர்வாகி: சரி, தனி வகுப்பு வேண்டாம். பெயர்ப் பட்டியலை ஸ்டாஃப் ரூமில் ஒட்டலாமா?

கூடாது சார்.

ஒரு தாத்தா: பேரன் ஃபோன்...

ஐயா, மேலே.