கை கழுவச் சொன்னதற்காகவா மருத்துவர் செம்மல்வைஸின் வேலை போனது?

அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அவர் வேலை பார்த்த வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில், மருத்துவச்சிகள் இருந்த இரண்டாவதைவிட மிக அதிகமான தாய்மார்கள் காய்ச்சலில் இறந்தார்கள். மாணவர்கள் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். சோப்பு போட்டாலும் கையில் அந்த நாற்றம் போகாது. 1847 மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார் செம்மல்வைஸ். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதமாகக் குறைந்தது.

சரி, அப்புறம் ஏன் சண்டை? பிரிவின் தலைவர் கிளைன் இதை ஏற்கவில்லை. ஏற்றால், அத்தனை சாவுக்கும் மருத்துவர்களின் கையே காரணம் என்றாகிவிடுமே! 1849-இல் செம்மல்வைஸின் பதவிக்காலத்தை நீட்டிக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.