நட்கிராக்கர் பாலேவை ராயபுரத்துக்கு மாற்றி அரை மணி நேரத்தில் போட முடியுமா?

முடியும். ஆனால் பலரும் இடறுவது இசைத் தேர்வில். சாய்கோவ்ஸ்கியின் இந்த பாலே 1892 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்கில் அரங்கேறியது. இரண்டு அங்கம், ஒன்றரை மணி நேரம். இணையத்தில் எளிதில் கிடைக்கும் இருபது சொச்ச நிமிடத் தொகுப்பில் கதையே இருக்காது. கிறிஸ்துமஸ் மரம் வளர்வது, எலிப்போர், பனி வால்ட்ஸ் (பனித்துகள்கள் ஆடும் மூன்றடித் தாள நடனம்) மூன்றும் அதில் இல்லை. முழுப் பதிவிலிருந்து அவற்றை எடுத்து, இரண்டாம் அங்கத்தின் நாட்டு நடனங்களைக் குறையுங்கள். இசைக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. ஒலிப்பதிவுக்கு அனுமதி தனியாக வேண்டும்.

மரத்துக்குப் பதில் துறைமுகக் கிரேன் எழட்டும், அந்த இசை ஏறும் ஏற்றத்துக்கு அதுதான் சரி. எலிகள் காசிமேட்டுப் பெருச்சாளிகள். பனி வால்ட்ஸில் சொல்லில்லாத குழந்தைகள் குரல் வருவதால் பேட்டைப் பிள்ளைகளையே பாட வைக்கலாம். பனிக்குக் காகிதத்தூள், சோப்பு நுரை இரண்டும் வேண்டாம், வழுக்கும், விளக்கொளியே போதும்.

இரண்டாம் அங்கத்தின் ரஷ்ய நடனமான ட்ரெபாக்கின் மேல் டப்பாங்குத்து அடித்தால் இடிக்கும்: ட்ரெபாக் இரண்டடித் தாளம், டப்பாங்குத்து மூன்றின் மடங்கில் உருளும். இசையை நிறுத்திவிட்டு இடையில் அடியுங்கள்.

சிமென்ட் தரையில் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் போகும். மரச்சட்டம், 18 மி.மீ. ஒட்டுப்பலகை, மேலே வினைல் விரிப்பு. டிசம்பர் ஈரத்தில் பாயின்ட் ஷூவின் (விரல் நுனியில் நின்று ஆடும் காலணி) பசை இளகும், மாற்று ஜோடி இல்லாமல் இறங்காதீர்கள்.