வராத்கர் பெயரை நம்பி டப்ளின் வராதீர்கள்

தம்பி, அயர்லாந்தில் வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். வாடகை, குளிர், மளிகை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஆள் லியோ வராத்கரே பிரதமராக இருந்த நாடு, இந்தியர்களுக்குத் தனி மரியாதை இருக்கும்தானே?" என்று முடித்திருக்கிறீர்கள். குளிரும் மளிகையும் வந்தால் தானே பழகிவிடும். இந்த நினைப்போடு மட்டும் விமானம் ஏறாதீர்கள்.

அவர் அப்பா மும்பைக்காரர், டாக்டர், சரி. அம்மா வாட்டர்ஃபோர்டு மாவட்டத்து நர்ஸ். லியோ 1979இல் டப்ளினிலேயே பிறந்து, டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்து, 2007இல் டப்ளின் மேற்குத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். விசா வரிசை என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. 2017இல் ஆளுங்கட்சியான ஃபினே கேலின் தலைமைக்கு நின்றபோது சாதாரண உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்து நின்ற சைமன் கோவனிக்குத்தான் போட்டார்கள். எம்.பி.க்கள் ஓட்டுக்கு எடை அதிகம். அதில் ஜெயித்து 38 வயதில் பிரதமரானார்.

அன்று நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மூவர்ணக் கொடி பறந்தது. 2015 ஜனவரியிலேயே வானொலியில், தான் தன்பாலீர்ப்பாளர் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அதே ஆட்கள் கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவார்கள். வேண்டியதை மட்டும் பொறுக்கி உறவு கொண்டாடுவது எனக்கு ஆகாது.

நான் வந்தது பொருளாதாரம் படுத்த நேரம். வராத்கர் தொகுதியிலிருக்கும் பிளான்சர்ட்ஸ்டவுனில், கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காத அறை. வீட்டுக்காரரும் அதே வீட்டில்தான். ஹீட்டர் எப்போது ஓடும் என்பது அவர் இஷ்டம். காலி செய்தபோது சுவரில் மசாலா வாசம் என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். 2011 தேர்தலுக்கு அந்தப் பக்கத்து விளக்குக் கம்பங்களில் வராத்கர் சிரித்துக்கொண்டு தொங்கினார், என்ன பிரயோஜனம்? உங்களுக்கும் சொல்கிறேன்: உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் அறை எடுத்தால் வாடகை வாரியத்தில் புகார் எடுபடாது. கொடுத்த காசுக்கு ரசீது வாங்கி வையுங்கள். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் பெயர் இந்த நாட்டை உலுக்கியது என்றால் அது சவிதா ஹலப்பனவர். பல் மருத்துவர். 2012இல் கால்வேயில், கரு கலைந்துகொண்டிருந்த நிலையில் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, ரத்தத்தில் தொற்று ஏறி இறந்தார். நாடாளுமன்றத்துக்கு வெளியே கூடிய கூட்டத்தில் நானும் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற ஐரிஷ் அம்மா ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார், பெயர்கூடக் கேட்கவில்லை. 2018 மே மாத வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் கருக்கலைப்புக்கு அரசியல் சட்டத்தில் இருந்த தடையை நீக்கச் சொன்னார்கள். அப்போது பிரதமர் வராத்கர். நீக்கச் சொல்லிப் பிரசாரமும் செய்தார். அதற்காக அவரை மதிக்கிறேன், அப்பா ஊருக்காக அல்ல.

2024இல் அவரும் பதவியை விட்டுவிட்டார். அப்புறம் ஒன்று: உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட இங்கே குடியுரிமை தேவையில்லை, குடியிருந்தால் போதும். வாக்காளர் பட்டியலில் பேரைச் சேர்த்துவிடுங்கள். மழையில் நனைந்துகொண்டே வேட்பாளர்கள் வாசலுக்கு வருவார்கள். நான் முதலில் கேட்டது தெருமுனைக்கு ஒரு பேருந்து நிழற்குடை. அதற்கு எத்தனை தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.