முதலாண்டு ஒருங்கிணைப்பாளருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியான இன்டக்‌ஷன், மாணவர்களுக்கு ஆசிரியரை வழிகாட்டியாக வைக்கும் மென்டர் திட்டம் இரண்டுக்கும் என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். போன வருடம் முதல் செமஸ்டர் முடிவதற்குள் 14 பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனி அப்படி நடக்கக் கூடாது என்கிறார் முதல்வர். நான் எந்தப் பயிற்சிக்குப் போவது?

பதில்: பயிற்சிகளைச் சொல்கிறேன். அதற்கு முன் அலுவலகத்தில் அந்த 14 பேரின் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவரிடமும் போனில் பேசுங்கள். "ஏன் நின்றாய்?" என்று கேட்காதீர்கள், "வீட்டில் பிரச்சினை சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கல்லூரிக்கு வந்த கடைசி வாரம் எப்படிப் போனது, யாரிடமாவது சொல்ல நினைத்தாயா என்று கேளுங்கள். எந்தப் பயிற்சி மையமும் உங்கள் கல்லூரியைப் பற்றி இவ்வளவு கற்றுத் தராது.

நான் இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் வருடம் ஒரு மாணவன் ஆறாவது வாரத்தோடு நின்றுவிட்டான். மென்டர் குறிப்பேட்டில் அவனைச் சந்தித்த மூன்று முறையும் "நன்று" என்றே இருந்தது. மென்டர் பொய் எழுதவில்லை. "எப்படிப் படிக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார், "நல்லா படிக்கிறேன் சார்" என்று அவன் சொல்லியிருக்கிறான். தமிழ் வழியில் படித்து வந்தவனுக்குக் கணித வகுப்பு முதல் நாளிலிருந்தே பிடிபடவில்லை என்பது, அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

அதனால் முதலில் பழக வேண்டியது பேச்சுக் கொடுக்கும் விதம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2017இல் மூன்று வார இன்டக்‌ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதையொட்டி ஆசிரியர்களுக்கு மனித விழுமியங்கள் குறித்த எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) நடத்துகிறது. அதற்குப் போங்கள். பாடத்தை விட, சிறு குழுவில் மாணவர்களைப் பேசவைக்கும் முறையைக் கவனித்து வாருங்கள். யு.ஜி.சி. 2019இல் வெளியிட்ட ‘தீக்‌ஷாரம்ப்’ என்ற மாணவர் அறிமுக வழிகாட்டியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்புறம், மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. அவற்றின் இணையவழிப் பயிற்சியில் உள்ள எட்டுத் தலைப்புகளில் உங்களுக்கு முக்கியமானவை இரண்டு: மாணவர் பன்முகத்தன்மை, கல்வித் தலைமையும் நிர்வாகமும்.

ஆனால் நீங்கள் ஒருவர் மட்டும் போய் வந்தால் உங்கள் மென்டர்கள் மாறிவிட மாட்டார்கள். அமெரிக்காவின் தென் கரோலைனா பல்கலைக்கழகத்தில் 1970 மே மாதம் மாணவர் கிளர்ச்சி முற்றி, தலைவரின் அலுவலகமே முற்றுகைக்கு உள்ளானது. மாணவர்கள் ஏன் இந்த அளவுக்குக் கசந்துபோனார்கள் என்று யோசித்த தலைவர் தாமஸ் ஜோன்ஸ், 1972இல் புதியவர்களுக்காக ‘யுனிவர்சிட்டி 101’ என்ற வகுப்பைத் தொடங்கினார். அதை எடுக்க வரும் ஆசிரியர் முதலில் பயிற்சிப் பட்டறையில் உட்கார வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கும். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது இதுதான்: மாணவர்கள் கொதித்தெழுந்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நீங்களும் எஃப்.டி.பி.க்கு இரண்டு மென்டர்களைக் கூட அழைத்துப் போங்கள். திரும்பி வந்து மூவருமாக மற்றவர்களுக்கு அரை நாள் பயிற்சி நடத்துங்கள். "நல்லா இருக்கேன் சார்" என்ற பதிலுக்குப் பிறகு அடுத்த கேள்வி என்ன கேட்பது என்பதை நடித்துப் பார்க்க வையுங்கள்.

சான்றிதழ் இல்லாத ஒரு பயிற்சியும் உண்டு. உங்கள் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் எழுத்தரிடம் இரண்டு நாள் உட்காருங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவருக்கு அரசே கட்டும் கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் என்ன காகிதம் வேண்டும், எங்கே தாமதமாகிறது என்று உங்களுக்கே தெரிய வேண்டும். ஒரு சான்றிதழ் வரத் தாமதமானதற்காகக் கல்லூரிக்கு வருவதையே விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மனநலம் பற்றியும் ஒரு சொல். நீங்கள் சிகிச்சை தருபவர் அல்ல. ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொண்டு, கல்லூரியின் கவுன்சலரிடம் மாணவரை நீங்களே அழைத்துப் போனால் போதும். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416 ஒவ்வொரு மென்டரின் போனிலும் இருக்கட்டும்.

முதல்வர் அடுத்து உங்களை அழைக்கும்போது, அட்டெண்டன்ஸும் முதல் இன்டர்னல் மார்க்கும் ஒரே தாளில் அந்த வாரமே உங்கள் கைக்கு வர உத்தரவு கேளுங்கள். வாரத்தில் இரண்டு வகுப்புகளைக் குறைக்கவும் கேளுங்கள். அந்த நேரம் இல்லாமல், தாளில் இருக்கும் பெயர்களைத் தேடிப் போக உங்களால் முடியாது.